பழைய எம்எக்ஸ்-5 காரில் புதிய சீட்: விடுபட்ட விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் புது மாடல் சீட் மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். 'நான்கு போல்ட், ஒரு மணி நேரம்' என்று அதில் இருந்தது. சரியான காருக்குச் சரியான சீட் கிடைத்துவிட்டால் அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால், 'எந்தச் சீட்டானாலும் பொருந்தும், ரெயிலில் புதிதாக ஓட்டை போட்டுக்கொள்ளலாம்' என்ற அடுத்த வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. (ரெயில் என்பது சீட்டுக்கு அடியில், அது முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடம்.) அதை நம்பி யாராவது டிரில் மெஷினை எடுத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கினால் ஆபத்தான இடங்கள்தான் முதலில் விடுபடும்.

பிரிட்டனில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களிடம். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்தது முதல் தலைமுறை. விளக்கு மேலெழும்பும் மாடல் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இறக்குமதியானவையும் இதே கார்தான். 1998இலிருந்து 2005 வரை இரண்டாம் தலைமுறை. அதன்பின் வந்தது மூன்றாம் தலைமுறை. முதல் தலைமுறைக் கார்களில் இளையதற்கே இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. அதன் சீட்டில் ஃபோம் நொறுங்கித் தூளாகிவிட்டது, கதவுப் பக்கத்து அணைப்பு அமுங்கிவிட்டது, துணி கிழிந்துவிட்டது. பழைய கார் உடைக்கும் யார்டுகளில் இரண்டாம் தலைமுறை சீட் கிடைக்கிறது. மாற்ற ஆசை வருவது இயல்பு.

இரண்டாம் தலைமுறை சீட் முதல் தலைமுறைக் காரில் அதன் சொந்த ரெயிலோடு அப்படியே உட்காரும். இரண்டாம் தலைமுறையை முதலாவதன் அடித்தளத்தின் மேலேயே மஸ்டா உருவாக்கியதுதான் காரணம். தரைத் தகட்டில் சீட் போல்ட் இறங்கும் இடங்கள் மாறவில்லை. மூன்றாம் தலைமுறை அப்படியல்ல. அந்தக் கார் அகலமானது, அடித்தளம் வேறு. அதன் சீட்டைப் பழைய காரில் வைக்க வேண்டுமென்றால் ரெயிலை வெட்டவோ அடாப்டர் தகடு பற்ற வைக்கவோ வேண்டியிருக்கும். இந்த இரண்டு வேலையையும் ஒரே சொல்லால் 'சீட் மாற்றம்' என்று அழைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்தக் காரில் சீட் பெல்ட்டின் பக்கிள், அதாவது பெல்ட்டின் நாக்கு போய்ப் பூட்டும் பகுதி, தரையில் இல்லை, சீட்டின் ரெயிலில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. மோதும்போது மார்புப் பட்டையும் இடுப்புப் பட்டையும் சேர்ந்து இழுப்பது அந்தப் பக்கிளைத்தான். அது இழுப்பது ரெயிலை, ரெயில் இழுப்பது நான்கு போல்ட்டை. ஆக, சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாம் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட். பெல்ட் நங்கூரங்களுக்கான, அதாவது பெல்ட் காரோடு பிணைக்கப்படும் இடங்களுக்கான, ஐ.நா. விதி 14இல் கார்களுக்கான சோதனை என்ன சொல்கிறது தெரியுமா? மார்புப் பட்டைக்கு 13,500 நியூட்டன், அதே நேரத்தில் இடுப்புப் பட்டைக்கு இன்னொரு 13,500 நியூட்டன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,380 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நங்கூரம் சீட்டிலேயே இருந்தால் சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு விசையும் கூடவே சேரும். 15 கிலோ சீட் என்றால் இன்னொரு 300 கிலோ. வீட்டுக் கராஜில் 5 மில்லிமீட்டர் பட்டைத் தகட்டை வளைத்து, இரண்டு ஓட்டை போட்டு, அதன்மேல் சீட்டை நிறுத்துபவர் தனக்கே தெரியாமல் ஒரு பெல்ட் நங்கூரம் செய்துகொண்டிருக்கிறார். அதை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

எனவே இரண்டாம் தலைமுறை சீட்டை, அதன் தொழிற்சாலை ரெயிலோடு, பழைய ஓட்டைகளிலேயே பொருத்துவது நல்ல வேலை. ரெயிலை வெட்ட வேண்டிய எந்தச் சீட்டையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. வெட்டித்தான் ஆக வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்கள், அந்தக் காருக்கென்றே சோதித்து விற்கப்படும் அடிச்சட்டத்தை வாங்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சீட் வாங்கும் இடம்.

யார்டில் இருக்கும் சீட் பெரும்பாலும் மோதிய காரிலிருந்து வந்தது. பின்னாலிருந்து இடி வாங்கிய காரில் முதுகுச் சட்டம் வளைந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சமமான சிமெண்ட் தரையில் சீட்டை வையுங்கள். நான்கு காலும் ஒரேநேரத்தில் தரையைத் தொட வேண்டும். ஒரு மூலை 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினால், இரண்டு ரெயிலும் ஒரே பல்லில் (சீட்டை நகராமல் பூட்டும் வெட்டில்) நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றும் ஆடினால் அந்தச் சீட் வேண்டாம். முதுகை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சாய்க்கும் பூட்டில் லேசான தளர்வு பழைய சீட்டில் சகஜம். டக் டக்கென்று சத்தத்தோடு ஆடினால் பல் தேய்ந்துவிட்டது. ரெயிலின் அடியில் மண்படிவும் சமமான துருவும் இருந்தால் தண்ணீரில் நின்ற கார். பக்கிளின் தண்டு வளைந்திருந்தாலோ, அதன் பிளாஸ்டிக் உறையில் புதிதாக வெள்ளைக் கீறல் இருந்தாலோ, மோதலில் அது இழுபட்டிருக்கிறது என்று பொருள். அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாம் தலைமுறையிலேயே 2001இல் வந்த மாற்றத்துக்குப் பிந்தைய சீட்டில் பக்க அணைப்பு கூடுதல். வளைவுகளில் உடம்பைப் பிடித்து வைப்பதற்கு அதுதான் தேவை. ஆனால் அகலமான உடல்வாகு உள்ளவர்களுக்கு இடுப்பில் இறுக்கும். வாங்குவதற்கு முன் கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள்.

இடது, வலது விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சீட் ஓட்டுநர், பயணி என்று பிரிவதைவிட இடது, வலது என்று பிரிவதே முக்கியம். சாய்க்கும் நெம்புகோல் கதவுப் பக்கமும் பக்கிள் நடுவிலும் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த இடதுபுற ஸ்டியரிங் காரின் ஓட்டுநர் சீட், இங்கே பயணி இடத்துக்குத்தான் போகும். உட்காருவதில் சிக்கல் இல்லை. ஆனால் பெல்ட் போட்டதைச் சொல்லும் சுவிட்ச் வயர் ஓட்டுநரின் பக்கிளில் மட்டும் இருந்தால், அது தவறான பக்கத்துக்கு வந்து சேரும். ஜோடியாக வாங்கும்போது இரண்டும் ஒரே காரிலிருந்து கழற்றியவையா என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். பக்கிள்களைப் பிறகு எப்படியும் மாற்ற வேண்டி வரலாம், அதைக் கீழே சொல்கிறோம்.

உயரம். முதல் இரண்டு தலைமுறைகளிலும் ஸ்டியரிங்கை மேலே கீழே நகர்த்த முடியாது. அந்த வசதி மூன்றாம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் சீட்டின் உயரம் ஒன்றே தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே எவ்வளவு இடம், தலைக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதை முடிவுசெய்கிறது. முப்பது வருடம் அமுங்கிய ஃபோமில் உட்கார்ந்து பழகியவருக்கு, நல்ல நிலையிலுள்ள சீட் ஒன்றில் ஏறியதும் தலை துணிக்கூரையில் முட்டுகிற உணர்வு வரும். பழைய சீட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதில் உட்கார்ந்து, கூரையை மூடி, தலைக்கு மேல் எத்தனை விரல் இடம் இருக்கிறது, கண் மட்டம் முன்கண்ணாடியின் மேல் சட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஆறடிக்கு மேல் உள்ளவர்கள் இந்த அளவு இல்லாமல் சீட் வாங்கவே கூடாது.

கழற்றும் வேலைக்கு 14 மில்லிமீட்டர் சாக்கெட், நீட்டிப்புக் கம்பி, நல்ல துரு இளக்கி எண்ணெய், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) போதும். முந்தைய நாள் இரவே போல்ட் தலைகளைச் சுற்றி எண்ணெய் விட்டு வைப்பது புத்திசாலித்தனம். 1994க்குப் பிந்தைய கார்களில் ஏர்பேக் இருக்க வாய்ப்புண்டு. முதல் தலைமுறையில் அதன் வயர் சீட்டுக்குள் ஓடுவதில்லை என்றாலும், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு 10 நிமிடமாவது காத்திருந்து கை வைப்பது நல்லது. கையேட்டில் அதைவிடக் கூடுதல் நேரம் போட்டிருந்தால் அதன்படி நடக்கவும். இந்தக் காரில் பேட்டரி டிக்கியில், வலது மூலையில் இருக்கிறது.

சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் பின் போல்ட் இரண்டும் தெரியும்; அவற்றை முதலில் எடுங்கள். பிறகு முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளை எடுங்கள். இதை மாற்றிச் செய்தால், முன்பக்கம் விடுபட்ட சீட் தூக்கிக்கொண்டு ரெயில் முறுகும். சீட்டைத் தூக்குவதற்கு முன் அதை மெல்லப் பின்னால் சாய்த்து அடியில் பாருங்கள். பெல்ட் சுவிட்ச் வயரின் கப்ளர் (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) ஒன்று இருக்கலாம். பல முதல் தலைமுறைக் கார்களில் தலைச்சாய்வுக்குள் சின்ன ஸ்பீக்கர்கள் உண்டு, அதன் கப்ளரும் அங்கேதான். இழுக்காமல், நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். சீட்டை வெளியே எடுக்கும்போது ரெயிலின் கூரான முனை கதவடிப் பிளாஸ்டிக்கிலும் பெயிண்ட்டிலும் கோடு போடும். பழைய கம்பளி ஒன்றை மடித்து விரித்துவிடுங்கள்.

புதிய சீட்டில் பெரும்பாலும் தலைச்சாய்வு ஸ்பீக்கர் இராது. மிஞ்சிப்போகும் ஸ்பீக்கர் வயர்களைச் சும்மா தொங்கவிட வேண்டாம். ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி, கார்பெட்டுக்கு அடியில் கட்டுங்கள். இக்கால ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒன்று பாடியில் தொட்டாலே ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.

சீட் வெளியே இருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கார்பெட்டைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், துணிக்கூரையின் பின்விளிம்பிலிருந்து மழைநீர் இறங்கும் வடிகால் அடைத்திருக்கிறது. அந்தத் துளைகள் சீட்டுக்குப் பின்னால் இரு பக்கமும், பெல்ட் சுருள் இருக்கும் மூலையில் உள்ளன. இலை, தூசி, கூரைத்துணியின் நூல் எல்லாம் சேர்ந்து களிம்பாகி அடைத்துக்கொள்ளும். அடைத்த வடிகாலின் தண்ணீர் ஒரு பக்கம் தரைக்கும் இன்னொரு பக்கம் கதவடிப் பெட்டிக்குள்ளும் போகிறது. பிரிட்டனில் இந்தக் கார்களின் கதவடியும் பின்சக்கர வளைவும் உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக விட்டு அடைப்பை எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கம்பியை வைத்துக் குத்தினால் வடிகாலின் ரப்பர் கிழிந்து, இருந்ததைவிட மோசமாகிவிடும்.

பிறகு போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் மேல் பூச்சைச் சுரண்டுங்கள். பெல்ட் நங்கூரத்துக்கும் பெல்ட் பொருத்திய சீட்டின் பிடிமானத்துக்கும் 30 சென்டிமீட்டர் தொலைவுக்குள் தாங்கும் தகடு துருவால் பலவீனமாகியிருந்தால் எம்.ஓ.டி. எனும் பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையில் கார் தோற்கும். அங்கே ஒட்டுப் போடுவதானால் முழுவதும் தொடர்ச்சியான வெல்டிங் வேண்டும். ஃபைபர் துணியும் பிசினும் செல்லாது. இப்படிப்பட்ட தரையில் எவ்வளவு நல்ல சீட்டைப் பூட்டியும் பயன் இல்லை. வெல்டிங் முதலில், சீட் பிறகு.

மரை பற்றி. தரைக்கு அடியில் நட் தகட்டோடு பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. போல்ட் முறுக்கிக்கொண்டு வந்தால் முழு பலத்தோடு திருகாமல், கால் சுற்று இளக்கி, கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு விட்டு எடுக்க வேண்டும். பற்றவைப்பு விட்டு நட் சுழல ஆரம்பித்துவிட்டால் தகட்டை வெட்டித்தான் சரிசெய்ய முடியும். போல்ட் வெளியே வந்ததும் மரையில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துளையில் கையாலேயே முழுதும் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. சீட் பெல்ட் போல்ட்டுகள் உலகெங்கும் பெரும்பாலான கார்களில் 7/16 அங்குல நுண்மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. சீட் போல்ட் மெட்ரிக் எம்10. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 7/16 துளையில் எம்10 போல்ட்டைப் போட்டால் சரசரவென்று இறங்கிவிடும், மரையின் நுனிகூடச் சரியாகப் பிடித்திருக்காது. இறுக்கும்போது கொஞ்சம் பிடித்ததுபோல் தோன்றும், மோதும்போது அப்படியே உருவிக்கொண்டு வரும். கழற்றிய போல்ட்டுகளை ஓர் அட்டையில் குத்தி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் இந்தத் தவறு நடக்காது. துருவேறிய போல்ட்டை மாற்ற நினைப்பவர்கள் பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் வாங்க வேண்டாம். கடையில் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்; சாதாரண 8.8 இரும்பு போல்ட்டே 800. தொழிற்சாலைப் போல்ட்டையோ, தலையில் அதே தர எண் பொறித்த போல்ட்டையோ மட்டும் போடுங்கள்.

பக்கிள் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காரில் இருக்கும் பழைய பெல்ட்டின் நாக்கு, இரண்டாம் தலைமுறை சீட்டோடு வரும் பக்கிளில் பூட்டும் என்று நம்பிவிடாதீர்கள். சீட்டைக் காருக்குள் வைப்பதற்கு முன்பே பெல்ட்டை இழுத்துப் பொருத்திப் பாருங்கள். பூட்டாவிட்டாலோ, பூட்டியும் இழுத்தால் தளர்ந்தாலோ, பழைய சீட்டின் பக்கிளைக் கழற்றிப் புதிய சீட்டின் ரெயிலில் அதே இடத்தில் மாட்ட வேண்டும். அதற்கான இடம் ஒத்துவரும். நாக்கை அரத்தால் ராவிப் பொருத்துவது பெல்ட்டையே இல்லாமல் செய்வதற்குச் சமம். பக்கிள் போல்ட்டோடு வரும் வாஷர், இடைக்குழல் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும். அவை சரியாக இருந்தால் பக்கிள் தண்டு கையால் தள்ளும்போது அசையும். இடைக்குழல் விடுபட்டால் தண்டு இறுகி நின்றுவிடும், பெல்ட் இழுக்கும் திசைக்குத் திரும்பாது.

பொருத்தும்போது இரண்டு ரெயிலும் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று மறுபடியும் பாருங்கள். கையில் தூக்கி வரும்போது நெம்புகோல் பட்டு ஒரு பக்கம் ஒரு பல் நழுவியிருக்கும். அப்படியே பூட்டினால் மூன்று போல்ட் இறங்கும், நான்காவது துளை சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த நேரத்தில்தான் பலர் துளையை அகலப்படுத்த ஆரம்பிக்கிறார்கள். துளையில் குற்றமில்லை. சீட்டைக் கவிழ்த்து, நெம்புகோலை இழுத்தபடி இரு ரெயிலையும் ஒரே முனைக்குத் தள்ளி, விட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

நான்கு போல்ட்டையும் முதலில் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மரை கோணலாகக் கடிக்கும். நான்கும் ஏறியபின் சீட்டில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் முழுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். ரெயில்கள் தாமாக ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அதன்பின்தான் டார்க் ரெஞ்ச். கார் கையேட்டில் உள்ள அளவே இறுதி. எம்10 சீட் போல்ட்டுக்குப் பொதுவாக அது 40 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். இறுக்கிய பிறகு ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, உடம்பை முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் 'டக்' என்று பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் சீட், பிரேக் அடிக்கும்போது கோணலாக நழுவும். பெடலை மிதித்துக்கொண்டிருக்கும் காலுக்கு அந்த நழுவல் என்ன செய்யும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள். இடுப்புப் பட்டை தொடையின் மேல்மூட்டில், இடுப்பெலும்பைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். வயிற்றில் ஏறக் கூடாது. மார்புப் பட்டை தோளின் நடுவில் போக வேண்டும். சீட்டின் தோள்பகுதியில் பெல்ட்டை நிறுத்தும் வளையம் இருந்தால் அதன் வழியாகப் போய், முறுக்கில்லாமல் தானாகச் சுருள வேண்டும்.

தலை முட்டுபவர்கள் அடுத்துத் தேடுவது ஃபோம் குறைக்கும் வழி. செய்யலாம். ஆனால் எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உட்காரும் பகுதியின் உறையைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை விடுவித்து, உறைக்குள் ஓடும் கம்பியை ஃபோமோடு கட்டியிருக்கும் சிறு இரும்பு வளையங்களை வெட்டி எடுத்தால் ஃபோம் தனியாக வரும். அதன் அடிப்பக்கத்தில், பின்பாதியில், இடுப்பெலும்பு இரண்டும் அழுத்தும் இடத்தில் மட்டும் 20, 25 மில்லிமீட்டர் எடுங்கள். ரொட்டி வெட்டும் பல்கத்தி நன்றாக வேலை செய்யும். முன்பாதியைத் தொடவே வேண்டாம். முன்னால் ஏறி நிற்கும் அந்த மேடுதான், மோதும்போது உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் நழுவிப் போகாமல் தடுக்கிறது. ஒரே மட்டமாகச் சீவி எடுத்தவர்களுக்கு உயரம் குறைந்திருக்கும், அந்தத் தடுப்பும் போயிருக்கும். மறுபடி கட்டும்போது வளைய இடுக்கி இல்லாதவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை போடலாம், தாங்கும். வெட்டிய துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். மனம் மாறினால் திரும்ப வைக்கலாம்.

மூன்றாம் தலைமுறையின் சீட்டை நாங்கள் வேண்டாம் என்பதற்கு ரெயில் மட்டும் காரணம் அல்ல. அதன் கதவுப் பக்கத்து ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. பழைய காரில் அதை வெடிக்கச் செய்யும் கருவி கிடையாது. ஆக, மோதும்போது பயன்படாது. ஆனால் வெடிமருந்து மட்டும் விலா எலும்புக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கும். அதன் மஞ்சள் கப்ளரை வெட்டுவதோ, மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளப்பதோ கூடவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே போதுமானதாகிவிடலாம். வேறு நிறுவனக் கார்களின் சீட்டைத் தேடுபவர்களுக்கும் இது பொருந்தும். பிஎம்டபிள்யூ இ46 போன்ற கார்களில் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் குழல் சீட்டின் பக்கிளிலேயே இருக்கிறது. சீட் வாங்கினால் அதுவும் சேர்ந்து வரும்.

ஏர்பேக் உள்ள கார்களில் சீட் மாற்றியபின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஒரு மின்தடையைச் சொருகி அணைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. விளக்கு அணையும், ஏர்பேக் இருக்கிறது என்று காரும் நம்பும், காரை அடுத்து வாங்குபவரும் நம்புவார். அந்த விளக்கு கோளாறைக் காட்டிக்கொண்டிருந்தாலே எம்.ஓ.டி.யில் தோல்விதான். பொய் சொல்ல வைத்துத் தேறச் செய்வதற்குப் பதில், அந்தக் காருக்கு ஏர்பேக் பொருந்தும் சீட்டையே தேட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அதே மஸ்டாவின் சீட்தானே என்று விட்டுவிட வேண்டாம். மாற்றங்கள் ஏதும் உண்டா என்று கேட்கப்படும் கேள்விக்கு நியாயமான கவனத்தோடு சரியான பதில் தர வேண்டியது 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி வாகன உரிமையாளரின் கடமை. எழுத்தில் சொல்லி, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சீட் வாங்கிய ரசீதும், எந்த ஆண்டுக் காரிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் கூட இருக்கட்டும்.

கழற்றிய பழைய சீட் கிழிந்திருந்தாலும் எறிய வேண்டாம். யூனோஸ் வி-ஸ்பெஷல் போன்ற பதிப்புகளின் பழுப்புத் தோல் சீட் அந்தக் காரின் அடையாளத்தில் பாதி. அதில் ஃபோம் மட்டும் போயிருந்தால், தையல்காரரிடம் கொடுத்துத் தோலைக் காப்பாற்றிப் புது ஃபோம் வைப்பதே சரியான வழி. வேறு சீட்டுக்கே போக வேண்டியதில்லை. சேமித்து வைப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டாமல், பருத்தித் துணி போர்த்தி, தரையிலிருந்து தூக்கி உலர்ந்த இடத்தில் வையுங்கள். போல்ட் வைத்த அட்டையையும் அந்தச் சீட்டோடு கட்டிவிடுங்கள்.

மாற்றிய காரை 100 மைல் ஓட்டியபின் நான்கு போல்ட்டையும் பக்கிள் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று மறுபடியும் இளகியிருந்தால் அதை மேலும் இறுக்குவதில் பயனில்லை. கீழே தகடு அமுங்குகிறது என்று பொருள், கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

தங்கள் பக்கத்தில் இந்தத் திருத்தத்தை, குறைந்தபட்சம் ரெயிலில் ஓட்டை போடும் வரியைத் திரும்பப் பெறும் அளவுக்காவது, வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய ரோட்ஸ்டர் கார்களைப் பராமரிக்கும் வாசகர்கள்,
லண்டன்